நின்றால் சூடேறுகிறது, தொப்பூர் ஏறினால் ஒன்றும் இல்லை: ஹெட்டை இறக்கலாமா?

சங்ககிரி லாரிக்காரர்:
வணக்கம். என்னிடம் இருப்பது 2006 மாடல் பத்து வீல் லாரி. ஆறு சிலிண்டர் டர்போ டீசல், டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், சூடேறினால் வேகம் கூடும் விஸ்கஸ் ஃபேன். அரியலூரில் சிமெண்ட் ஏற்றி தர்மபுரி, ஓசூர் பக்கம் ஓட்டுகிறேன். ஃபேக்டரி கேட்டில் என்ஜினை அணைக்காமல் வரிசையில் நின்றால் அரை மணி நேரத்துக்குள் சூடு முள் சிவப்பைத் தொட்டுவிடுகிறது. வண்டி நகர்ந்து காற்று பட்டதும் இறங்கிவிடும். ஆனால் முழு லோடோடு தொப்பூர் கணவாய் ஏறும்போது முள் நடுவிலேயே நிற்கும்.

கூலன்ட் மாற்றியாயிற்று, ரேடியேட்டர் மூடியும் புதிது. தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்கு வழி திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைப் பட்டறையில் கழற்றி எறிந்துவிட்டார்கள். அதற்கப்புறம் ஏற்றத்திலும் முள் முன்பைவிடக் கொஞ்சம் மேலே போகிறது. இப்போது ஹெட் கேஸ்கட் (என்ஜின் பிளாக்குக்கும் மேலே உள்ள ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்கிவிடலாம் என்கிறார்கள். அதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

தூத்துக்குடி டிரைவர்:
அண்ணே, வண்டிக்கு வயசாகிவிட்டது. ரேடியேட்டரை மாற்றுங்கள், வேலை முடிந்தது. அதுவரை வரிசையில் நிற்கும்போது என்ஜினை அணைத்துவிடுங்கள், டீசலாவது மிச்சமாகும்.

ஈரோடு மெக்கானிக்:
ஹெட்டையும் தொட வேண்டாம், ரேடியேட்டரும் வாங்க வேண்டாம். முதலில் தொப்பூரை யோசித்துப் பாருங்கள். என்ஜின் அதிகச் சூட்டைக் கக்குவது அங்கேதான். அந்தச் சூட்டைத் தாங்குகிற ரேடியேட்டர், அதில் ஒரு சிறு பங்குகூட வராத ஐடிலில் (வண்டி நிற்க, என்ஜின் மட்டும் மெதுவாக ஓடும்போது) திணறுகிறது என்றால் குறை பெரும்பாலும் காற்றில் இருக்கும். ஏற்றத்தில் கியரைக் குறைத்து மிதிக்கிறீர்கள், ஃபேனும் வாட்டர் பம்பும் வேகமாகச் சுற்றுகின்றன. ஐடிலில் என்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்றை ஒட்டித்தான் ஓடும், எதிர்க்காற்றும் கிடையாது. ஹெட் கேஸ்கட் கோளாறு என்றால் லோடு ஏறும்போதுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

சந்தேகம் தீர வேண்டுமானால் காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். தண்ணீரில் குமிழி தொடர்ந்து வருகிறதா என்று பாருங்கள், வந்தால்தான் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்கவே வேண்டாம், முகம் வெந்துவிடும்.

அப்புறம் வரிசையில் முள் ஏறியதும் நியூட்ரலில் 1200 சுற்றில் கொஞ்ச நேரம் பிடியுங்கள். முள் இறங்கினால் ஃபேன் அல்லது பம்ப் பக்கம் தேடலாம். என்ஜினை அணைத்துவிட்டு, சூடு ஆறுவதற்குள் ஃபேனைக் கையால் சுற்றுங்கள். இறுக்கமாக இருக்க வேண்டும். காத்தாடி மாதிரி சுற்றிக்கொண்டே போனால் விஸ்கஸ் கிளட்ச்சில் இருக்கும் சிலிகான் ஆயில் போய்விட்டது என்று அர்த்தம். பெல்ட் வழுக்குகிறதா என்பதையும் பாருங்கள். டெம்பரேச்சர் கன் இரவல் கிடைத்தால் ரேடியேட்டரின் மேல் ஹோஸ், கீழ் ஹோஸ் இரண்டையும் அளந்து சொல்லுங்கள். மீட்டர் சொல்வது நிஜமா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போடுங்கள். நிறைய டீசல் என்ஜின்களில் அது திறக்கும்போதே பைபாஸ் வழியை அடைக்கும். கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், ஒரு பங்கு தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் என்ஜினுக்குத் திரும்பிவிடும். உங்களுக்கு ஏற்றத்தில் முள் ஏறியது இதனால்தான் இருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றினால் சூடு குறையும் என்பது பட்டறைகளில் சாகாத நம்பிக்கை.

சங்ககிரி லாரிக்காரர்:
நன்றி அண்ணே. எல்லாம் பார்த்துவிட்டேன். குமிழி இல்லை. 1200 சுற்றில் முள் மெதுவாக இறங்குகிறது. ஃபேன் இறுக்கமாகத்தான் இருக்கிறது, சூடேறும்போது இரைச்சலும் கூடுகிறது. பெல்ட் நன்றாக இருக்கிறது. முள் சிவப்பில் நிற்கும்போது மேல் ஹோஸ் 103 டிகிரி, கீழ் ஹோஸ் 97.

சேலம் ரேடியேட்டர் கடை:
6 டிகிரிதான் வித்தியாசமா? அப்படியென்றால் தண்ணீர் ஓடுகிறது, சூட்டை எடுத்துப் போகக் காற்று இல்லை. உள்ளே உப்பு அடைத்திருந்தால் கீழே இன்னும் நன்றாக ஆறிப்போய் வரும், கோரிலும் (ரேடியேட்டரின் குழாய்கள் இருக்கும் நடுப்பகுதி) அங்கங்கே சில்லென்ற பட்டைகள் காட்டும்.

நீங்கள் ஓட்டுவது சிமெண்ட் வண்டி. முன்னால் நின்று பார்த்தால் தெரிவது இன்டர்கூலர்தான், ரேடியேட்டர் அதற்குப் பின்னால் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில்தான் தூசி எண்ணெய்ப் பிசுக்கோடு சேர்ந்து அப்பிக்கொள்ளும். முன்பக்கம் எத்தனை முறை தண்ணீர் அடித்தாலும் அது போகாது. இன்டர்கூலரைத் தள்ளிவைத்து, என்ஜின் பக்கத்திலிருந்து முன்னோக்கிக் காற்று அடிக்க வேண்டும். பிரஷர் வாஷரைக் கிட்டத்தில் பிடித்தால் ஃபின் என்கிற மெல்லிய தகடுகள் மடிந்துவிடும், பிறகு அதுவே அடைப்பு.

இன்னொன்று: ஃபேனைச் சுற்றி ஷ்ரவுடு, அதாவது ரேடியேட்டரோடு சேர்த்து மூடும் கூடு, முழுசாக இருக்கிறதா?

சங்ககிரி லாரிக்காரர்:
நீங்கள் கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன். மேல் பாதி மட்டும் இருக்கிறது, கீழ்ப் பாதி இல்லை. எப்போதோ ரேடியேட்டரை இறக்கியபோது அறுத்து எடுத்திருக்கிறார்கள். இன்டர்கூலரைத் தள்ளினால் நடுவில் கம்பளி விரித்தாற்போலத் தூசி. அடித்துச் சுத்தம் செய்து தெர்மோஸ்டாட்டும் போட்டாயிற்று. ஐடிலில் சிவப்பைத் தொடவில்லை, ஆனாலும் மதிய வெயிலில் நடுவைத் தாண்டித்தான் நிற்கிறது. ஷ்ரவுடு பழசு கிடைக்கவில்லை, தகட்டில் அடித்துக்கொள்ளலாமா?

சேலம் ரேடியேட்டர் கடை:
தாராளமாக. அது இல்லாததால்தான் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல், பக்கவாட்டில் கிடக்கும் சூட்டுக் காற்றையே திரும்பத் திரும்பக் கடைகிறது. தகட்டு ஷ்ரவுடை ரேடியேட்டர் பிரேமோடு போல்ட் போடுங்கள். ஃபேன் இலையின் அகலத்தில் பாதிக்கு மேல் கூட்டுக்குள் இருக்கட்டும். என்ஜின் மவுண்டில் ஆடும், அதனால் இலை நுனியைச் சுற்றி ஒரு அங்குலமாவது இடைவெளி விடுங்கள். ரேடியேட்டர் ஓரங்களில் ரப்பர் பட்டை இருந்ததா என்றும் பாருங்கள். அது இல்லையென்றால் சூட்டுக் காற்று ஓரம் வழியாக முன்னால் வந்துவிடும்.

ஈரோடு மெக்கானிக்:
தெர்மோஸ்டாட் போட்டபின் கூலன்ட் வழியில் சிக்கிய காற்றை வெளியே எடுத்தீர்களா? மூடியைத் திறந்துவைத்து, தெர்மோஸ்டாட் திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்கக் கூலன்ட் ஊற்ற வேண்டும். ஆறின என்ஜினில்தான் ஆரம்பிக்க வேண்டும்.