தனியார் பஸ்களின் வேகத்தை ஜிபிஎஸ் வைத்துப் பிடிக்கலாமா?

பைபாஸ் பயணி: 2019 ஜனவரி முதல் பதிவாகும் பொதுப் பயணிகள் வாகனங்களில் ஏஐஎஸ் 140 என்ற தரத்திலான ஜிபிஎஸ் கருவி இருக்க வேண்டும் என்பது மத்திய விதி. பஸ் எங்கே போகிறது, என்ன வேகத்தில் போகிறது, இரண்டையும் அது அனுப்பும். அதைப் பார்த்துத் தானாக சலான் போட்டால் என்ன? சட்டத்தில் பஸ்ஸுக்கு 2,000 முதல் 4,000 ரூபாய் வரை அபராதமே இருக்கிறது.

ஸ்டியரிங் சேகர்: டவுன்-டு-டவுன் ஓட்டுகிறவன் சொல்கிறேன் சார். 80க்கு மேல் போகாதபடி தடுக்கும் ஸ்பீடு கவர்னர் கருவியும் கட்டாயம்தான். எஃப்.சி. எனும் வண்டித் தகுதிச் சோதனை அன்றைக்கு வேலை செய்யும், மறுநாள் ஒயரைக் கழற்றிவிடுவார்கள். ஜிபிஎஸ்ஸுக்கும் அதே கதிதான்.

பைபாஸ் பயணி: கவர்னருக்குப் பள்ளிக்கூடமும் தெரியாது, பைபாஸும் தெரியாது. கடைவீதியில் 70ல் போனால் அது தடுக்காது. ஜிபிஎஸ் இடத்தையும் சேர்த்துக் காட்டுமே! ஒயரைப் பிடுங்கினால் சிக்னல் நின்றுபோவதும் தெரிந்துவிடும்.

சென்னைக்காரன்: முதலில் வரம்பு ஒழுங்காக இருக்கட்டும். 2023 ஜூனில் சென்னையில் பகலில் 40 என்று ஸ்பீடு ரேடாரோடு கிளம்பினார்கள். ஒரே கூச்சல். நவம்பரில் கார் 60, டூவீலர் 50 என்று மாற்ற வேண்டியதாயிற்று.

பைபாஸ் பயணி: சரி, வரம்பைத் திருத்துங்கள். ஆனால் 2022ல் நாடு முழுக்கச் சாலையில் செத்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71 சதவீதம் அதிவேகத்தால் என்கிறது மத்திய அமைச்சக அறிக்கை.

ஸ்டியரிங் சேகர்: அந்தக் கணக்கே போலீஸ் எழுதுவதிலிருந்து வருவது. எஃப்ஐஆரில் ‘அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்’ என்பது அச்சடித்த மாதிரி வரும். விளக்கில்லாத மீடியன், பள்ளம் எதுவும் அதில் ஏறாது. நான் 45ல் வந்தேன் என்றால் யார் நம்புகிறார்கள்?

பைபாஸ் பயணி: அண்ணே, அதை நிரூபிக்கத்தானே கருவி வேண்டும் என்கிறேன்!

ஸ்டியரிங் சேகர்: பதிவு முதலாளி கையில் இருக்கும், எனக்கு எங்கே தருவார்? சலான் மட்டும் என் சம்பளத்தில் பிடிப்பார். இன்னொன்று கேளுங்கள். முன் வண்டிக்கும் எனக்கும் நாலு நிமிஷம்தான் இடைவெளி. ரயில்வே கேட் போட்டால் அது போச்சு. லேட்டாகப் போனால் ஸ்டாண்டில் பின் வண்டிக்காரன் சட்டையைப் பிடிப்பான். கலெக்‌ஷன் குறைந்தால் பேட்டாவும் குறையும். இதில் யார் மெதுவாகப் போவான்?

சென்னைக்காரன்: இதுதான் விஷயம். ஒரு ரூட்டில் எல்லா பஸ்ஸும் அதே இடத்தில் பறக்கிறது என்றால் டிரைவரை மட்டும் பிடித்துப் பயனில்லை, டைமிங்கே தப்பு. ஜிபிஎஸ் பதிவை பஸ் நேரங்களை முடிவுசெய்ய ஆர்டிஓ நடத்தும் டைமிங் கான்பரன்ஸில் வைத்துப் பேசலாமே?

பைபாஸ் பயணி: வைக்கட்டும். அதற்காக டைமிங் மாறும்வரை சலான் வேண்டாம் என்பதை ஏற்க மாட்டேன். இடிபடுகிறவன் அதுவரை காத்திருப்பானா?

ஸ்டியரிங் சேகர்: சலான் போடுங்கள் சார், பர்மிட் யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில் போடுங்கள். பதிவில் ஒரு காப்பி டிரைவர் போனுக்கும் வரட்டும். இந்த இரண்டையும் செய்தால் ஒயரில் நான் கை வைக்க மாட்டேன்.