'இழப்பீடு நீக்கம்' வேண்டாம், 'ஈடவிழ்ப்பு' என்போம்

நண்பர்களுக்கு வணக்கம்.

தாடை அறுவைக்கு முன்பு பற்களை அதற்கேற்ப நிறுத்தும் கட்டத்தை மருத்துவர்கள் 'டீகாம்பென்சேஷன்' என்கிறார்கள். மருத்துவச் சொற்களுக்குத் தமிழ் தேடும் நம் உரையாடலில் அதற்கு 'இழப்பீடு நீக்கம்' என்ற சொல் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அகராதிப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் ராமேசுவரம் தீவில், தங்கச்சிமடத்தில் நின்று அதைச் சொல்லிப் பாருங்கள். எங்கள் கரையில் இழப்பீடு என்றால் இலங்கைக் கடற்படை பிடித்துப்போன விசைப்படகுக்குக் கேட்பது; புயலில் உடைந்த நாட்டுப்படகுக்குக் கேட்டு அலைவது. அதை நீக்கப்போகிறோம் என்றால், கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு ஆள் கிளம்பிவிடும்.

இந்த ஒரு சொல்லுக்காக நான் மல்லுக்கு நிற்பதற்குக் காரணம் என் அக்கா மகன். கீழ்த்தாடை முன்னே நீண்டு, வாயை மூடினால் கீழ்வரிசைப் பல் மேல்வரிசைக்கு வெளியே நிற்கும். அமெரிக்கப் பல் மருத்துவர் ஆங்கிள் 1899இல் வகுத்த முறையில் இது மூன்றாம் வகைக் கடி (மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தும் விதத்தைத்தான் கடி என்கிறார்கள்). ஊரில் வகைப்பாடெல்லாம் தேவைப்படவில்லை, 'முரல்' என்றே கூப்பிட்டார்கள். (மேல் அலகு கட்டையாக, கீழ் அலகு மட்டும் ஊசிபோல நீண்டிருக்கும் மீன். பிள்ளைகளுக்குப் பட்டப்பெயர் வைப்பதில் எங்கள் ஊரை மிஞ்ச முடியாது.)

மதுரை மருத்துவர் அவசரப்படவில்லை. பதினாறு வயதில் பக்கவாட்டில் தலையை எடுக்கும் ஓர் எக்ஸ்ரே படம், ஓராண்டு கழித்து இன்னொன்று. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் தாடை இன்னும் வளர்ந்திருந்தது. வளர்கிற தாடையை அறுத்தால் மறுபடியும் நீளும் என்று சொல்லி, பதினெட்டு வயதில்தான் பல்லுக்குக் கிளிப் போட்டார்கள்.

ஏழு மாதம் போயிருக்கும். ஒரு மாலை அக்கா அவனைத் திண்ணையில் உட்காரவைத்து, கைப்பேசி விளக்கை வாய்க்குள் அடித்துப் பார்த்தாள். முன்பு மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே ஒரு தீக்குச்சி போகும். இப்போது அவளுடைய சுண்டுவிரல் நுனி போனது. "கோட்டம் எடுக்கக் கொடுத்த சைக்கிள் சக்கரத்தை இன்னும் கோணலாக்கித் தந்திருக்கிறார்கள்" என்றாள். மறுநாளே கிளிப்பைக் கழற்றச் சொல்லப் போவதாக ஒற்றைக் காலில் நின்றாள்.

அவள் பார்த்தது சரி, புரிந்துகொண்டதுதான் தவறு. தாடைகள் பொருந்தாதபோது பற்கள் சும்மா இருப்பதில்லை. கீழ் முன்பற்கள் நாக்குப் பக்கம் சாய்கின்றன. மேல் முன்பற்கள் உதட்டுப் பக்கம் சாய்கின்றன. எலும்பின் கோளாறைப் பல் இப்படி ஓரளவு ஈடுகட்டிவிடுகிறது. அந்தச் சாய்வை அப்படியே விட்டுவிட்டுத் தாடையைப் பின்னுக்குத் தள்ளினால், எலும்பு உரிய இடத்துக்குப் போய்ச் சேரும் முன்பே பல்லும் பல்லும் முட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் ஒவ்வொரு பல்லையும் அதனதன் எலும்பின்மேல் நிமிர்த்துகிறார்கள். இதற்கு ஓராண்டு, ஒன்றரை ஆண்டுகூட ஆகும். அதுவரை கடி முன்பைவிட மோசமாகத்தான் தெரியும். ட்ராவ்னர், ஓப்வெகெசர் என்ற இரு அறுவை மருத்துவர்கள் 1957இல் விவரித்தபடி கீழ்த்தாடையை இருபுறமும் நீளவாக்கில் பிளந்து, நகர்த்தி, டைட்டானியம் தகடும் திருகும் வைத்துப் பொருத்துவது அதற்குப் பிறகுதான். வாய்க்குள்ளேயே வேலை முடிவதால் வெளியே தழும்பு இல்லை. கீழுதடு மரத்துப்போகும், சிலருக்கு அது முழுதாகத் தெளிவதில்லை. இவனுக்கு ஆறு மாதத்தில் உணர்ச்சி திரும்பியது.

'ஈடுகட்டுதல்' நாம் தினமும் புழங்கும் சொல். கட்டியதை அவிழ்ப்பதுதானே முறை? எனவே 'ஈடவிழ்ப்பு'. திண்ணையில் அன்று இந்தச் சொல் என்னிடம் இருந்திருந்தால், "பல் போட்டுவைத்த கட்டை அவிழ்க்கிறார்கள் அக்கா, அவிழ்த்தால் தளரத்தான் செய்யும்" என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். அரைமணி நேரம் காகிதத்தில் படம் போட்டேன்.

முதலில் 'ஈடுகலைப்பு' என்றுதான் எழுதினேன். ஆஸ்பத்திரியில் 'கலைப்பு' என்றால் நினைப்பு வேறெங்கோ போகும் என்று என் மனைவி அடித்துவிட்டாள். 'சமன்குலைப்பு' என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். அது மருத்துவர் ஏதோ கெடுத்துவிட்டார் என்று புகார் சொல்வதுபோல ஒலிக்கிறது. தாடைக்கு 'அலகு' என்ற பழஞ்சொல்லை மீட்கும் யோசனையும் அழகுதான். ஆனால் 'அலகு அறுவை' என்றால் திருவிழாவில் அலகு குத்துவதுதான் எங்கள் பக்கம் நினைவுக்கு வரும். தாடையே இருக்கட்டும்.

'பல் சீரமைப்பு' ஊன்றிவிட்டது, அதை அசைக்க வேண்டாம். இருந்தாலும் சாலையும் கண்மாயும் சீரமைக்கப்படுகிற நாட்டில் 'பற்கோட்டம் தீர்த்தல்' என்றால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று ஓர் ஆசை. தச்சனின் நூல் மரத்தின் கோட்டத்தைத் தீர்ப்பதை நன்னூலே சொல்கிறது. சைக்கிள் கடைக்காரரும் அதே கோட்டத்தைத்தான் எடுக்கிறார். அக்காவின் வாயிலும் அதுதானே வந்தது.

இப்போது அவசரம் வேறொரு சொல்லுக்கு. இந்தத் தாடை வாகு குடும்பத்தில் வருவது; அவன் தங்கைக்கு எட்டு வயதிலேயே அதே அறிகுறி. மேல்தாடை இளக்கமாக இருக்கும்போதே முன்னுக்கு இழுக்க, நெற்றியிலும் மோவாயிலும் பதிந்து ரப்பர் வளையங்களால் இழுக்கிற ஒரு சட்டத்தைத் தந்திருக்கிறார்கள். ஒரு நாளில் பன்னிரண்டு மணி நேரமாவது மாட்ட வேண்டும். அப்படியும் பின்னாளில் அறுவை தேவைப்படாது என்று யாரும் உறுதி சொல்லவில்லை. 'ஃபேஸ் மாஸ்க்' என்ற அதன் பெயரை 'முகக்கவசம்' ஆக்க முடியாது, 2020இல் கொரோனா அதை எடுத்துக்கொண்டுவிட்டது. பாட்டி 'கடிவாளம்' என்றாள். பொருத்தம்தான், ஆனால் சிறுமி இரண்டு நாள் அதைத் தொடவில்லை.

என் பரிந்துரை 'இழுசட்டம்'. இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள். வியாழக்கிழமை அவளை மதுரைக்கு அழைத்துப்போகிறோம், பஸ்ஸில் அவளிடமே கேட்டுவிடுகிறேன்.