பொம்மை ரயில் புகை: பையனுக்கு இருமல், யாராவது சொல்லுங்கள்

நெசவாளர்காலனி_அப்பா:
வணக்கம். பையனின் ரயில் என்ஜினில் புகை வருவதற்கான திரவம் ஊற்றி ஓட்டினோம். சாயங்காலத்திலிருந்து அவனுக்கு விடாத இருமல். எனக்கும் கண் எரிகிறது. இந்தப் புகையை முகர்ந்தால் ஏதாவது ஆகுமா? என்ன கொடுக்கலாம்? ஊர் தர்மபுரி. அவசரம்.

காவேரிப்பட்டணத்தான்:
என்ன ரயில், என்ன திரவம், பையனுக்கு என்ன வயது? ஒன்றையும் சொல்லாமல் அவசரம் என்றால் எப்படிங்க?

இருப்புப்பாதை:
இந்தக் கேள்வி இங்கே வராத வருடம் இல்லை. தேடிப் பார்க்கிற பழக்கம்தான் யாருக்கும் இல்லை. சரி, மறுபடியும் சொல்கிறேன். அது புகையே கிடையாது. அங்கே எதுவும் எரிவதில்லை. நன்றாகச் சுத்திகரித்த பாரஃபின் வகை எண்ணெயை ஒரு சின்ன கம்பிச்சுருள் சூடாக்குகிறது. ஆவி குழாய்க்கு வெளியே வந்ததும் குளிர்ந்து நுண்துளிகளாக மாறுகிறது. அதுதான் உங்கள் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. சோய்தே என்கிற ஜெர்மன் கம்பெனியின் புகைக் குழல்களில் ஒரு ஓட்டத்துக்குச் சில சொட்டுகள்தான் போகும். ஜன்னலைத் திறந்து வைத்து ஓட்டுகிறவன் பயப்பட ஒன்றுமில்லை. நான் இத்தனை வருடமாக ஓட்டுகிறேன், நன்றாகத்தான் இருக்கிறேன்.

பாலக்கோடு_பாபு:
சின்ன வயதில் கொசுமருந்து அடிக்கிற வண்டிக்குப் பின்னால் தெரு முழுக்க ஓடினோம். யாருக்கு என்ன ஆனது? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதற்கெடுத்தாலும் இருமல். துளசி, மிளகு போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுங்கள், காலையில் சரியாகிவிடும்.

ஓசூர்_சிஎன்சி:
பாபு அண்ணா, அந்த வண்டியில் வருவது டீசலில் கலந்த பூச்சிமருந்து. அதையா உதாரணமாகச் சொல்வது?
நான் சிப்காட்டில் மெஷின் ஓட்டுகிறேன். எண்ணெய்ப் பனி என்றால் என்ன என்று எங்களைக் கேளுங்கள். மெஷின் கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து அடிக்கும், கண்ணாடியில் பிசுபிசுவென்று படியும். அமெரிக்காவில் தொழிற்சாலைக் காற்றில் கனிம எண்ணெய்ப் பனி ஒரு கனமீட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, அதுவும் எட்டு மணி நேரச் சராசரியாக. ஆனால் அது வேலை செய்கிற பெரிய ஆட்களுக்குப் போட்ட கணக்கு. குழந்தை தரையில் உட்கார்ந்து, என்ஜின் பக்கத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டிருப்பான். அறை சராசரி அவனுக்குப் பொருந்தாது.

இருப்புப்பாதை:
தொழிற்சாலையும் பொம்மையும் ஒன்றா தம்பி? அங்கே லிட்டர் கணக்கு, இங்கே சொட்டுக் கணக்கு.

ஓசூர்_சிஎன்சி:
சொட்டுதான் சார். ஆனால் அறை எவ்வளவு பெரிது, கதவு திறந்திருந்ததா என்று அவர் இன்னும் சொல்லவே இல்லையே.

நெசவாளர்காலனி_அப்பா:
மன்னிக்கவும், பையனைப் படுக்க வைத்துவிட்டு வந்தேன். வயது 6. ஜெர்மனியில் இருக்கும் மச்சான் கொண்டுவந்த எச்ஓ (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு அளவு) ஸ்டீம் என்ஜின். படுக்கையறையில் ஓட்டினோம், ஏசி போட்டிருந்ததால் கதவு, ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. புகை சரியாக வராததால் இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். கருகின வாடை வந்தது.

மொரப்பூர்_செவிலி:
தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். பையன் சட்டையைத் தூக்கிப் பாருங்கள். மூச்சு வேகமாக வாங்குகிறதா? மூச்சை இழுக்கும்போது விலா எலும்புக்கு இடையே குழி விழுகிறதா? நெஞ்சில் விசில் மாதிரி சத்தம் கேட்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம், 108-ஐ அழையுங்கள். இதற்கு முன் வீசிங் வந்த பிள்ளையா? திரவத்தைக் கொஞ்சமாவது குடித்தானா?

காவேரிப்பட்டணத்தான்:
திரவம் எது என்று இன்னும் வரவில்லை. பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது?

நெசவாளர்காலனி_அப்பா:
குடிக்கவில்லை அக்கா. மூச்சு வேகமாக இல்லை, லேசாகச் சத்தம் இருக்கிற மாதிரி தெரிகிறது. மார்கழிக் குளிரில் இன்ஹேலர் எடுப்பான்.
பாட்டிலில் எதுவும் எழுதவில்லை. ரயிலோடு வந்தது தீரப் போகிறது என்று, கல்யாண மண்டபத்தில் சவுண்ட் சர்வீஸ் செய்கிற நண்பரிடம் கொஞ்சம் வாங்கினேன். அதுவும் புகைக்கானதுதானே.

இருப்புப்பாதை:
இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டாமா? நான் எதற்குப் பாரஃபின் பாடம் நடத்தினேன்?
மண்டபத்து மெஷினில் ஊற்றுவது தண்ணீரில் கலந்த கிளைக்கால் என்கிற ரசாயனத் திரவம் அல்லது கிளிசரின். அந்த மெஷினில் சூட்டைக் கட்டுப்படுத்த தெர்மோஸ்டாட் இருக்கும், பம்ப் இருக்கும். உங்கள் என்ஜின் குழலில் இருப்பது வெறும் கம்பி. தண்ணீர் வற்றியதும் மீதி அப்படியே கம்பியில் ஒட்டிக் கருகும். குழல் போயே போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓசூர்_சிஎன்சி:
குழலை விடுங்கள் சார். கிளிசரின் அளவுக்கு மேல் சூடானால் அக்ரோலின் வரும். வாணலியில் எண்ணெய் கருகும்போது கண்ணைக் கரிக்கிறதே, அதே சாமான். கண் எரிச்சல், தொண்டை கமறல் எல்லாம் அதனோடு பொருந்துகிறது. மேடைப் புகையும் அப்படி ஒன்றும் சாது இல்லை. கனடாவில் நாடக, சினிமா ஊழியர்களை வைத்துச் செய்த ஆய்வு 2005-ல் வந்தது. புகை மெஷினுக்குப் பக்கத்தில் வேலை செய்தவர்களுக்கு நுரையீரல் செயல்பாடு குறைவாக இருந்தது. கிளைக்கால், கனிம எண்ணெய் இரண்டுமே அதில் உண்டு.

மொரப்பூர்_செவிலி:
வீசிங் பிள்ளை என்றால் கஷாயம், ஆவி பிடிப்பது எதுவும் வேண்டாம். அந்த அறையை விட்டு வெளியே கொண்டு வாருங்கள், நிமிர்த்தி உட்கார வையுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரை அவர் சொன்ன அளவில் கொடுத்துவிட்டு, இன்றே கொண்டுபோய்க் காட்டுங்கள். என்ன திரவம் என்று டாக்டரிடம் சொல்லுங்கள், பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள். மீதித் திரவம் எல்லாம் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

நெசவாளர்காலனி_அப்பா:
கிளம்புகிறோம் அக்கா. நண்பர் தண்ணீர் பாட்டிலில்தான் ஊற்றிக் கொடுத்தார். அதுவும் பழைய எண்ணெயும் டிவி ஸ்டாண்டில் இருக்கின்றன.

மொரப்பூர்_செவிலி:
முதலில் அங்கிருந்து எடுங்கள்! எனக்கு இந்தப் புகையை விட அந்தப் பழைய எண்ணெய்தான் பயம். வாசனை இருக்காது, பார்க்கத் தண்ணீர்தான். ஒரு மடக்கு குடித்துப் புரையேறி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா மாதிரி ஆகிவிடும், உயிருக்கே ஆபத்து. மண்ணெண்ணெய் குடித்த குழந்தைகளை வார்டில் நிறையப் பார்த்திருக்கிறேன், இதுவும் அதே கதைதான். ஒருவேளை யாராவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத்தண்ணீர் கொடுக்காதீர்கள், வெளியே வரும்போது இன்னொரு முறை உள்ளே போகும். நேராக ஆஸ்பத்திரிதான். டெல்லி எய்ம்ஸில் விஷத் தகவல் மையம் இருக்கிறது, 1800 116 117, கட்டணம் இல்லை.

பாலக்கோடு_பாபு:
நான் சொன்னது பொதுவாகத்தான். ராத்திரி முழுக்கக் கொசுவத்தி ஏற்றிக்கொண்டு தூங்குகிறவர்கள் ரயில் புகைக்குப் பயப்படுவது வேடிக்கைதான்.

காவேரிப்பட்டணத்தான்:
கொசுவத்தி விஷயத்தில் பாபு அண்ணன் சொல்வது சரிதான். ஒரு கொசுவத்தி முழுசாக எரிந்தால் வருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-ல் வந்த ஆய்வு சொல்கிறது. அதற்காக இதையும் சேர்த்து முகர வேண்டுமா? எங்கள் கிருஷ்ணகிரி டவுனுக்கு ரயிலே வராது, உங்களுக்குப் பொம்மையிலாவது வருகிறதே என்று சந்தோஷப்படுங்கள்.

இருப்புப்பாதை:
வந்தது ஐயா. 1905-ல் திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு இரண்டரை அடி அகல ரயில் பாதை போட்டார்கள். உண்மையான நீராவி, உண்மையான கரிப்புகை. 1941-ல் மூடிவிட்டார்கள்.

பாலக்கோடு_பாபு:
பாதை என்றால் எங்கள் மொரப்பூர்–தர்மபுரிப் பாதைதான். 1906. பின்னால் ஓசூர் வரைக்கும் போனது. உங்களுடையது கிருஷ்ணகிரியோடு நின்றுவிட்டது.

இருப்புப்பாதை:
ஓசூர் வரைக்கும் போனது 1913-ல். அதுவும் 1941-ல் மூடப்பட்டதுதான். இதில் பெருமை என்ன? முதலில் வந்தது எது என்பதுதான் கேள்வி.

காவேரிப்பட்டணத்தான்:
ஒரு வருடம் முன்னால் வந்ததற்கு இவ்வளவா? இரண்டு ஊரிலும் இன்று அந்தப் பழைய தண்டவாளத் தடத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஓசூர்_சிஎன்சி:
அந்தப் பையனுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேளுங்களேன்.

நெசவாளர்காலனி_அப்பா:
வீசிங்தான். நெபுலைசர் வைத்தார்கள், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். இப்போது தூங்குகிறான். புகை சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் இனி ஓட்டணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எல்லோருக்கும் நன்றி, செவிலி அக்காவுக்கு ரொம்ப.

மொரப்பூர்_செவிலி:
நல்லது தம்பி. நாளைக்கும் இருமல் கூடினால் மறுபடியும் காட்டுங்கள். பாட்டில்களை எடுத்துவிட்டீர்களா?

இருப்புப்பாதை:
குழலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புகையை அணைத்துவிட்டால் என்ஜின் ஓடும், ஒன்றும் ஆகாது. உள்ளே நடுவில் மெல்லிய குழாய் ஒன்று இருக்கும், அதில்தான் கரி அடைத்திருக்கும். என்ஜினில் எந்த எண் குழல் போட்டிருக்கிறது? டிஜிட்டலா, சாதா டிரான்ஸ்பார்மரா? படம் போடுங்கள், பார்க்கலாம்.

பாலக்கோடு_பாபு:
அவர் தூங்கப் போயிருப்பார் சார். அந்தக் கிருஷ்ணகிரிப் பாதைக்கு எத்தனை ஸ்டேஷன், அதைச் சொல்லுங்கள் முதலில்.