மாசி இல்லாத சம்பல், பால்மா இல்லாத தேத்தண்ணி: மலையகத்தில் தாவர உணவுக்கு மாறியவர்களின் அனுபவங்கள்

தலவாக்கலையிலிருந்து

வணக்கம். இறைச்சி, மீன், முட்டை, பால் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத் தாவர உணவு மட்டும் சாப்பிடுகிறவர்கள் நம் மலைப்பக்கம் எத்தனை பேர் இருக்கிறீர்கள்? ஏற்கனவே மாறியவர்களும் மாற நினைக்கிறவர்களும் உங்கள் வீட்டில் நடந்ததை இங்கே எழுதுங்கள். நானே தொடங்கி வைக்கிறேன்.

எனக்கு இது ஆடுகளால் வந்தது. பக்கத்துக் காம்பராவில் வளர்த்த ஆடுகளுக்குப் புல் அறுத்துப் போட்டு வளர்ந்தவள் நான். ஒரு தீபாவளிக்கு அதில் ஒன்றை அறுத்தார்கள். அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை, பிறகும் முடியவில்லை. கொஞ்ச காலம் கழித்துப் பாலையும் முட்டையையும் விட்டேன். காரணம் அவ்வளவுதான். இங்கே அடுப்படி விஷயத்தைப் பற்றித்தான் அதிகம் பேச விரும்புகிறேன், ஏனென்றால் பலர் தடுமாறுவது அங்கேதான்.

யூடியூபில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாதாம் பால், கினோவா, ஓட்ஸ் பால் என்று அடுக்குகிறார்கள். தேயிலைத் தோட்டத்துச் சம்பளத்தில் அதெல்லாம் நடக்காது, தேவையும் இல்லை. நம் வீட்டில் ஒரு வாரம் சமைப்பதை எழுதிப் பாருங்கள். ரொட்டி, சோறு, பருப்பு, போஞ்சிக் கறி, கோவா சுண்டல், லீக்ஸ் வதக்கல், பீட்ரூட், வெலிமடை உருளைக்கிழங்கு, வல்லாரைச் சம்பல், மரவள்ளிக்கிழங்கு, பலாக்காய். முக்கால்வாசி தாவரம்தான். கோழியும் ஆடும் ஞாயிற்றுக்கிழமைக்கும் பண்டிகைக்கும் வருகிற விருந்தாளிகள். தினமும் வருகிறவை மாசியும் பால்மாவும். எங்கள் வீட்டில் கருவாடு கூட அதற்கு அடுத்துத்தான். அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது, முதலில் இந்த இரண்டையும் கவனியுங்கள்.

மாசி என்பது சூரை மீனை அவித்து, புகையில் வைத்து, காயப்போட்டு எடுப்பது. சம்பலுக்கு அது தருவது உப்பும் புகை வாசமும் கொஞ்சம் ஆழமான ருசியும். அந்த ருசிக்கு நான் செய்வது இது: சின்ன வெங்காயத்தை எண்ணெய் விடாமல் சட்டியில் ஓரம் கருகும்வரை வாட்டுவேன். செத்தல் மிளகாயை விறகடுப்புத் தணலில் காட்டிச் சுட்டெடுப்பேன். இரண்டையும் கறிவேப்பிலை, உப்போடு அம்மியில் வைத்து நைத்து, தேங்காய்ப்பூ சேர்த்துப் பிசைந்து, கடைசியில் தேசிக்காய் பிழிவேன். காஸ் அடுப்பில் இந்த வாசம் முழுதாக வராது. பருப்புக்கு மாசி போடும் பழக்கம் இருந்தால் அங்கே பூண்டையும் பெருஞ்சீரகத்தையும் தாளித்துக் கொட்டினால் போதும். பிஞ்சுப் பலாவில் செய்யும் பொலஸ் கறிக்குக் கொரக்காப்புளியும் வறுத்த தூளும் போட்டு, மெல்லிய நெருப்பில் நீண்ட நேரம் விட வேண்டும். இந்தக் கறியை மட்டும் அவசரப்பட்டுச் செய்யாதீர்கள்.

பால்மாவை விடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. 2021, 2022 தட்டுப்பாட்டில் கடையில் பால்மா இல்லாமல் எல்லா வீட்டிலும் சாயத்தண்ணிதானே குடித்தோம். இஞ்சி தட்டிப் போட்டு, ஒரு துண்டு கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தால் எனக்கு வேறு எதுவும் வேண்டாம். நாமே பறிக்கிற கொழுந்தின் ருசி பால் ஊற்றாதபோதுதான் தெரிகிறது. தேங்காய்ப்பால் ஊற்றியும் பார்த்தேன், பிடிக்கவில்லை. தேங்காய்ப்பால் சொதிக்குத்தான் சரி. ஆனால் ஒரு விஷயம்: சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடிக்காதீர்கள். பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளாமல் தேயிலைச் சாயம் தடுக்கிறது. ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். சாப்பாட்டில் தேசிக்காய், தக்காளி ஏதாவது இருந்தால் அதே இரும்புச்சத்து நன்றாகச் சேரும். இரத்தசோகை உள்ள பெண்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

வீட்டில் என்னை எதிர்த்தது அப்பாயி. நான் கறி வேண்டாம் என்றதும் அவர் கண் கலங்கிவிட்டது. 1973, 74 பஞ்சத்தை இந்தத் தோட்டத்தில் அனுபவித்தவர் அவர். "கீரையும் கெழங்கும் அவிச்சுத் தின்னு உசிரக் காப்பாத்துனோம். கைக்கு வந்தத ஏன் ஆத்தா தள்ளுற?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் வாயால் பதில் சொல்லவில்லை, சொல்லவும் கூடாது. தட்டில் இறைச்சி இல்லையென்றால் அவருக்கு அது பசியின் ஞாபகம். நான் செய்தது, என் தட்டை அவர் கண்முன்னே நிறைத்ததுதான். கெட்டியான பருப்பு, கெட்டித் தேங்காய்ப்பால் விட்ட பொலஸ், பலாக்கொட்டை வறுவல், மேலே ஒரு கரண்டி சம்பல். பஞ்சத்தில் இல்லாதவை பருப்பும் எண்ணெயும் தேங்காயும். அதைப் பார்த்த பிறகுதான் அவர் மனம் ஆறியது. இப்போது பொலஸ் செய்யும் நாளில் அவரே பலாக்காய் வெட்ட உட்கார்ந்துவிடுவார்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், நம் மக்களில் பலர் விரும்பி அல்ல, இல்லாமையால் இறைச்சி சாப்பிடுவதில்லை. ரொட்டியும் சம்பலும் மட்டும் சாப்பிட்டுவிட்டுத் தாவர உணவு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது. கோதுமை மாவில் 100 கிராமுக்குச் சுமார் 10 கிராம் புரதம்தான் உண்டு, அதிலும் லைசின் என்ற பகுதி குறைவு. மைசூர்ப் பருப்பிலும் பயறிலும் 100 கிராமுக்குச் சுமார் 24 கிராம், லைசினும் நிறைய. அதனால் ரொட்டிக்குப் பருப்பு சரியான துணை. ஆனால் ஆறு பேருக்குத் தண்ணி போல ஒரு சட்டி பருப்பு வைத்தால் அது கணக்கில் வராது. மீனையும் முட்டையையும் எடுத்த இடத்தில் பருப்பு, கடலை, கௌப்பி, பயறு, சோயா மீட் (பெயரில்தான் மீட், சோயாவில் செய்தது) ஏதாவது ஒன்று கூட வேண்டும்.

பி12 விட்டமின் மட்டும் தாவரத்தில் நம்பும்படி கிடைக்காது. பெரியவர்களுக்கு நாளுக்கு 2.4 மைக்ரோகிராம் தேவை. குறைந்தால் இரத்தசோகையும் நரம்புப் பாதிப்பும் வரும். டொக்டரிடம் கேட்டுப் பார்மசியில் மாத்திரை வாங்குங்கள். கீரை சாப்பிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

பேராதனையிலிருந்து

அக்கா, பலாக்கொட்டை வறுவலை ஹொஸ்டலில் படித்ததும் பசி வந்துவிட்டது.

என் அனுபவம் கடைச் சாப்பாடு. சோற்றுப் பார்சலில் மரக்கறி என்று சொல்லித்தான் வாங்குவேன், ஆனால் பருப்பிலும் சுண்டலிலும் உம்பலகட இருக்கும், மாசிக்குச் சிங்களப் பெயர் அது. மாசியை யாரும் மீனாகவே நினைப்பதில்லை, உப்பு மாதிரி ஒரு சேர்மானம் அவர்களுக்கு. மதியம் போய் "உம்பலகட நெதுவ தென்ன" (மாசி இல்லாமல் தாருங்கள்) என்று கேட்பதில் பயனில்லை, கறி காலையிலேயே வெந்துவிடும். நான் வழக்கமாகச் சாப்பிடும் கடை அம்மாவிடம் ஒருநாள் காலையிலேயே போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் போயா (பௌர்ணமி) நாட்களில் வீட்டில் மச்சம் சேர்க்காதவர், அதனால் உடனே புரிந்துகொண்டார். இப்போது பருப்பை இறக்கியதும் எனக்கு ஒரு கோப்பை எடுத்து வைத்துவிட்டுத்தான் மாசியைப் போடுகிறார். புதிய ஊருக்குப் போனால் எனக்கு நம்பிக்கையானது கிரிபத் என்ற பாற்சோறு. அரிசி, தேங்காய்ப்பால், உப்பு அவ்வளவுதான். கூடத் தரும் லுணுமிரிஸில் (வெங்காய மிளகாய்ச் சம்பல்) மட்டும் மாசி இருக்கும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கண்டியிலும் ஹட்டனிலும் சைவக் கடைகள் இருக்கின்றன. அங்கே நெய்யும் தயிரும் வேண்டாம் என்று சொன்னால் போதும், தோசையும் வடையும் தாராளமாகச் சாப்பிடலாம். பதுளை ரயிலில் கூடையோடு வருகிற கடலையும் பருப்பு வடையும் எனக்குப் பல தடவை மதியச் சாப்பாடு. இஸ்ஸோ வடை என்றால் மேலே இறால் இருக்கும், பார்த்து வாங்குங்கள். சோயா மீட் பக்கெட்டில் ருசித் தூள் தனியாக வரும், அதன் பின்பக்கத்தையும் ஒருமுறை வாசியுங்கள்.

பதுளையிலிருந்து

எங்கள் வீட்டில் மாடு இருக்கிறது. அம்மா காலையில் கறந்து பால் சேகரிக்கும் இடத்துக்குக் கொடுக்கிறார். என் பள்ளிக்கூடச் செலவும் தங்கச்சியின் டியூஷன் காசும் அந்தப் பாலிலிருந்து வந்தவை.

நான் பால் குடிப்பதை நிறுத்தியபோது அம்மா அதைத் தன் வேலையைக் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டார். அது எனக்கு இன்றும் வலிக்கிறது. மாட்டை விற்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, வேறு வருமானம் காட்டவும் என்னிடம் வழி இல்லை. ஆகவே பால் குடிப்பதில்லை, ஆனால் பின்னேரம் மாட்டுக்குப் புல் அறுப்பது நான்தான், தொழுவம் கழுவுவதும் நான்தான். நண்பர்கள் இது பொருந்தாது என்கிறார்கள். நகரத்தில் இருந்துகொண்டு அப்படிச் சொல்லலாம். அம்மாவோடு ஒரே வீட்டில் இருக்கிறவன் அவருடைய பாரத்தையும் சுமக்க வேண்டும். அப்புறம், இப்போது அம்மா எனக்குப் பயறை ஊறவைத்து அவித்துத் தேங்காய்ப்பூ போட்டு வைக்கிறார், நான் கேட்காமலே.

ஹட்டனிலிருந்து

தேயிலை ஃபக்டரியில் வேலை. ஃபக்டரி இயந்திரங்களைக் காக்கும் சாமியான ரோதை முனிக்குப் பூசை போடும்போது சேவல் அறுத்துச் சமைத்து எல்லோரும் பகிர்ந்து சாப்பிடுவது இங்கே வழக்கம். நான் தட்டை நீட்டாமல் நின்றதும் "மாலை போட்டிருக்கியா தம்பி?" என்றார்கள். இல்லை என்றேன். பெரியவர் ஒருவர், சாமி சாப்பாட்டை மறுக்கக் கூடாது என்று கோபப்பட்டார். நான் வாக்குவாதம் செய்யவில்லை. உடைத்த தேங்காயும் வாழைப்பழமும் கேட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு சாப்பிட்டேன். அவருக்கும் அது போதுமாக இருந்தது. மறு வருஷம் பூசைக்கு என் பங்காகக் கடலை வாங்கிக் கொடுத்தேன். பெரிய சட்டியில் சுண்டல் அவித்தார்கள், பிள்ளைகள்தான் அதிகம் சாப்பிட்டார்கள்.

ஒரு கேள்வி. என் மனைவி மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவர். அவரும் மாற விரும்புகிறார். காலையில் கட்டிக்கொண்டு போக என்ன கொடுக்கலாம்? ரொட்டி மட்டும் கொண்டு போனால் மதியத்துக்குள் களைத்துவிடுகிறார்.

நுவரெலியாவிலிருந்து

கர்ப்பிணிகளுக்காக ஒரு வரி. என் தங்கச்சி எங்களோடு சேர்ந்து மாறியவள். கிளினிக்கில் கொடுத்த திரிபோஷ என்ற சத்துமாவில் சோளம், சோயாவோடு பால்மாவும் உண்டு. அவள் அதைச் சாப்பிட்டாள், கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையையும் விடவில்லை. வீட்டில் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியும் பால் கொடுக்கும் தாயும் என்ன சாப்பிடுகிறோம் என்பதை மிட்வைஃபிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தலவாக்கலையிலிருந்து

ஹட்டன் அண்ணாவுக்கு: கௌப்பியை இரவே ஊறவையுங்கள். காலையில் அவித்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பூவும் சேர்த்துப் பிரட்டி, ரொட்டிக்குள் வைத்து மடித்துக் கொடுங்கள். ஆறினாலும் நன்றாக இருக்கும், மழையில் நின்றும் கையால் சாப்பிடலாம். ஒரு நாள் கௌப்பி, ஒரு நாள் கடலை, ஒரு நாள் உருளைக்கிழங்கோடு வதக்கிய சோயா மீட் என்று மாற்றுங்கள். கூட ஒரு கொய்யாப்பழம் வைத்தால் இரும்புச்சத்துக்கு நல்லது. பத்து மணித் தேத்தண்ணியைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் முன்னதாகவே குடிக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் இப்படிக் கொடுத்துப் பார்த்து, அண்ணிக்குக் களைப்பு எப்படி இருக்கிறது என்று இங்கே எழுதுங்கள். குறையவில்லை என்றால் முதலில் இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட வேண்டும்.