லீவு முடிந்தும் போகாதவனைத் தேடி மிலிட்டரி போலீஸ் வீட்டுக்கு வருமா?

காட்பாடிப் பையன்:

வணக்கம். என் சித்தப்பா மகன் ஆர்மியில் சிப்பாய். வேலூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு பட்டாளத்துக்காரர் உண்டு, அதனால் அது அதிசயமில்லை. ஒரு மாத லீவில் வந்தவன், சித்தப்பாவுக்கு ஆபரேஷன் என்று தங்கிவிட்டான். லீவு முடிந்து இன்றோடு ஆறு நாள். யூனிட்டுக்குப் போன் போட்டுச் சொல்லுடா என்றால், "அன்னைக்கே சொல்லியிருக்கணும், இப்ப சொன்னா கிழிச்சிடுவாங்க" என்று மொபைலை அணைத்துப் பரண் மேல் போட்டுவிட்டான்.

பயம் முழுக்க சித்திக்குத்தான். அவன் லீவில் வந்த அன்று கூட்டிவர சென்னை சென்ட்ரல் போயிருந்தோம். பிளாட்பாரத்தில் ஒரு ஜவான் கறுப்பு டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்து, தொப்பியைத் தோள்பட்டை வாருக்குள் சொருகிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். சிவப்புத் தொப்பி, வெள்ளை பெல்ட்டோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்த வேகத்தைப் பார்க்கணுமே! லீவு சீட்டை வாங்கிப் பார்த்தார்கள், நோட்டில் ஏதோ குறித்தார்கள், போய்விட்டார்கள். கையில் எம்.பி. என்று பட்டை கட்டியிருந்ததைப் பார்த்து சித்தி "எம்.பி.ன்னா டெல்லிக்குப் போறவங்கதானே" என்று கேட்டார். இப்போது வாசலில் பைக் சத்தம் கேட்டாலே அவர்கள்தான் வந்துவிட்டார்கள் என்கிறார். உண்மையிலேயே வருவார்களா? ஆர்மிக்குள் தனியாகப் போலீஸ் எதற்கு? எங்களையும் பிடிப்பார்களா?

ஓய்வு ஹவில்தார்:

தம்பி, முதலில் அந்தப் பரணில் இருக்கிற போனை இறக்கச் சொல்லுங்கள், மிச்சத்தை அப்புறம் பேசலாம். ஆறு நாளில் வீட்டுக்கு எம்.பி. வரமாட்டான். நான் ப்ரோவோஸ்ட் யூனிட்டில், அதாவது மிலிட்டரி போலீஸ் யூனிட்டில் இருந்தவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

ஊரில் இருக்கிறவனைப் பிடிக்க வேண்டியிருந்தால் யூனிட்டிலிருந்து உங்கள் மாவட்டப் போலீசுக்குத் தாள் வரும், அப்ரிஹென்ஷன் ரோல் என்போம். கதவைத் தட்டப்போவது பெரும்பாலும் உங்கள் ஊர் ஸ்டேஷன் ஏட்டுதான். 30 நாள் ஆளைக் காணோம் என்றால் யூனிட்டில் கோர்ட் ஆஃப் என்கொயரி உட்கார்ந்து விசாரித்துப் பதிவு செய்வார்கள், அதன்பிறகுதான் ஓடிப்போனவன் என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். அதற்குமுன் அவன் ஓ.எஸ்.எல்., அதாவது லீவைத் தாண்டித் தங்கியவன், அவ்வளவே. ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரியை எடுத்துக்கொண்டு போய் சி.ஓ., அதாவது யூனிட் தலைமை அதிகாரி முன்னால் நின்றால் திட்டு நிச்சயம், தண்டனையும் கிடைக்கலாம், ஆனால் கோர்ட் மார்ஷல் இல்லாமல் அவரே கொடுக்கும் சிறை 28 நாளைத் தாண்டாது. ஒளிந்துகொண்டு 31-வது நாள் பிடிபடுவது வேறு கணக்கு.

தனியாகப் போலீஸ் எதற்கு என்று கேட்டீர்கள். தொப்பியைச் சரிசெய்யச் சொல்வதுதான் எங்கள் வேலை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். என் சர்வீஸில் பாதி மலைப் பாதையில் போனது. டி.சி.பி. (டிராஃபிக் கன்ட்ரோல் போஸ்ட்) என்று தகரக் கொட்டகை ஒன்று, ஒரு தடுப்புக் கம்பு, ஒரு போன், ஒரு பதிவேடு. அடிவாரத்திலிருந்து கான்வாய் கிளம்பினால் வண்டி எண்ணிக்கை போனில் வரும். நாற்பது ஏறினால் என் முன்னால் நாற்பது கடக்க வேண்டும். ஒரு நாள் பனி கொட்டுகிறது, முப்பத்தொன்பதுதான் எண்ணினேன், தப்பாக எண்ணிவிட்டேனோ என்று எனக்கே சந்தேகம். கம்பை இறக்கி எதிரே இறங்க நின்ற வண்டிகளை நிறுத்திவிட்டு ஆள் அனுப்பினோம். ஒரு திருப்பத்தில் ஒரு வண்டி டீசல் உறைந்து நின்றிருந்தது, டிரைவர் ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அன்றைக்கு எதிர் வண்டிகளை விட்டிருந்தால் அந்தக் குறுகின ரோட்டில் என்ன ஆகியிருக்கும்?

சண்டைக் காலத்தில் இதே வேலைதான், இன்னும் பெரிதாக. எந்த பிரிகேடு முதலில் போகணும், எந்தப் பாலத்தில் எப்போது ஒருவழி, கூட்டத்தைவிட்டுப் பிரிந்து தடுமாறி வருகிறவனை எங்கே சேர்க்கணும், பிடிபட்ட எதிரி வீரர்களை எங்கே கூட்டிப் பின்னால் அனுப்பணும், எல்லாம் ப்ரோவோஸ்ட் தலையில்.

பழைய காலாட்படை:

ஹவில்தார் சாப் சொல்வது சரிதான், இருந்தாலும் பட்டாளத்தில் எம்.பி.யை யாருக்கும் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுங்கள். சென்ட்ரலில் பார்த்த அந்த ஜவான் மூன்று நாள் ரயிலில் வந்து இறங்கியிருப்பார், தொப்பி தோளில் இருந்தால் நாடு கெட்டுவிடுமா? யூனிட்டுக்குள்ளேயே ஆர்.பி. என்று ரெஜிமெண்டல் போலீஸ் இருக்கிறார்கள், எங்களோடு அதே மெஸ்ஸில் சாப்பிடுகிற பசங்கள், யூனிட்டின் நிர்வாகத்தையும் ஒழுங்கையும் பார்க்கிற அட்ஜுடண்ட் ஆபீசர் சொன்னதைச் செய்வார்கள். அவர்களோடு சமாளித்துவிடலாம். சிவப்புத் தொப்பியிடம் அந்தக் கதை நடக்காது, ரிப்போர்ட் நேராக யூனிட்டுக்குப் போய்விடும்.

ஊர் சுற்றி:

பீகாரில் மிலிட்டரி போலீஸ் என்று லாரி நிறையப் பார்த்திருக்கிறேன், ஊர்வலத்தில் எல்லாம் லத்தியோடு நிற்பார்களே. அவர்களும் இவர்களும் ஒன்றா?

ஓய்வு ஹவில்தார்:

இல்லை. அது அந்த மாநில அரசின் ஆயுதப் போலீஸ், நம் ஊர் பட்டாலியன் போலீஸ் மாதிரி. 2021-ல் பெயரையே பீகார் சிறப்பு ஆயுதப் போலீஸ் என்று மாற்றிவிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் எல்லைப்புறத்தில் துப்பாக்கி தூக்கிய போலீசுக்கெல்லாம் மிலிட்டரி போலீஸ் என்றுதான் பெயர். அசாம் மிலிட்டரி போலீஸ் 1917-ல் அசாம் ரைபிள்ஸ் ஆனது. பர்மா மிலிட்டரி போலீஸ் என்றும் இருந்தது. எங்களுக்கும் அவர்களுக்கும் பெயரைத் தவிர ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

எங்கள் கதை 1939-ல் தொடங்குகிறது. உலகப்போரை ஒட்டி இந்தியத் துருப்புகளைக் கடல் தாண்டி அனுப்பியபோது, கூடவே போக ஒரு சின்ன ப்ரோவோஸ்ட் பிரிவு போதும் என்று குதிரைப்படை ஆட்களை எடுத்து ஆரம்பித்தார்கள். போர் பெருக, பிரிவும் பெருகித் தனிக் கோர், அதாவது ஆர்மிக்குள் ஒரு தனிப் படைப்பிரிவு ஆனது. சிவப்புத் தொப்பி பிரிட்டிஷ் மிலிட்டரி போலீசிடமிருந்து வந்த சீதனம். இன்று பயிற்சி மையம் பெங்களூரில். ஸ்வேத் அஷ்வ் என்று பைக் சாகசக் குழு ஒன்றும் எங்களுடையது. காலாட்படைத் தம்பி அதையாவது கைதட்டிப் பார்த்திருப்பார்.

கோர்ட்டு வாசல்:

சட்டப் பக்கத்தை நான் சொல்கிறேன். 1950-ஆம் வருட ராணுவச் சட்டம் 107-ஆம் பிரிவுதான் இவர்களின் ஆணிவேர். ப்ரோவோஸ்ட் மார்ஷல் என்கிற மிலிட்டரி போலீஸ் தலைமை அதிகாரியும் அவர் சார்பில் வருகிறவர்களும் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் குற்றம் செய்தால் கைது செய்யலாம். ஆனால் தானாக எந்தத் தண்டனையும் கொடுக்கக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. இன்னொரு ஆபீசர் உத்தரவு இல்லாமல் ஒரு ஆபீசரை இவர்கள் கைது செய்யவும் முடியாது. சிப்பாய்க்கு இந்தச் சலுகை கிடையாது, கவனித்தீர்களா.

கேள்வி கேட்டவரும் அவர் சித்தியும் சாதாரணக் குடிமக்கள். ஊரில் உட்கார்ந்திருக்கிற உங்கள் மேல் எம்.பி.க்கு இந்த அதிகாரம் எதுவும் இல்லை. கன்டோன்மென்ட்டுக்குள் ஒரு வெளியாள் திருடிக் கையும் களவுமாக மாட்டினால் பிடித்து வைத்து உள்ளூர்ப் போலீசிடம் ஒப்படைக்கலாம். அது நீங்களும் நானும்கூடச் செய்யக்கூடியது.

ஆனால் சித்தியிடம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஓடிவந்த சிப்பாய் என்று தெரிந்தே ஒருவருக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றம். பழைய இ.பி.கோ.வில் 136-ஆம் பிரிவு, இரண்டு வருடம் வரை சிறை, இப்போது புதிய சட்டத்திலும் இருக்கிறது. அதில் விலக்கு யாருக்கு என்று பார்த்தால், கணவனுக்கு இடம் கொடுத்த மனைவிக்கு. அம்மாவுக்கு இல்லை! ஆறு நாள் தாமதம் ஓடிப்போனது ஆகாது, திரும்பிப் போகும் எண்ணமே இல்லை என்று நிரூபணமானால்தான் அந்தப் பேச்சு. மொபைலை அணைத்துப் பரணில் போடுவது அந்த எண்ணத்துக்கு நீங்களே சாட்சி எழுதிக்கொடுக்கிற மாதிரி.

ரன்னிங் ராணி:

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். பெண்களை இதில் எடுக்கிறார்கள் என்று சொன்னார்கள், நான் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறேன். ஆபீஸில் உட்கார வைத்துவிடுவார்களா, ரோட்டில் விடுவார்களா?

ஓய்வு ஹவில்தார்:

ஓடுங்கம்மா. ஆபீசர் அல்லாத பெண் சிப்பாய்களை ஆர்மி முதலில் எடுத்ததே எங்கள் கோரில்தான். 2019-ல் அறிவித்தார்கள், படிப்படியாகக் கோரில் 20 சதவீதம் பெண்கள் என்று இலக்கு. நூறு இடத்துக்கு லட்சக்கணக்கில் விண்ணப்பம். முதல் அணி 61 வாரம் பயிற்சி முடித்து 2021 மே 8 அன்று பெங்களூரில் அணிவகுத்தது, 83 பேர். கொரோனா நேரம், அதனால் பெரிய விழா இல்லை. வெளியாட்கள் குடியிருக்கும் இடத்தில் தேடுதல் நடந்தால் பெண்களைச் சோதனை செய்யவும், பெண்கள் சம்பந்தப்பட்ட புகாரை விசாரிக்கவும் எங்களிடம் ஆள் இல்லாமல் எத்தனை முறை திண்டாடியிருக்கிறோம் தெரியுமா. இப்போது அக்னிவீர் வழியாகத்தான் சேர்க்கை. வயதும் உயரமும் அந்தந்த வருட அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், கோச்சிங் சென்டர்காரன் சொல்வதை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

பழைய காலாட்படை:

ராணி, சேர்ந்தபிறகு சென்ட்ரலில் தொப்பி போடாதவனைப் பார்த்தால் டீயை முடிக்க விடுங்கள், அது போதும்.

காட்பாடிப் பையன்:

எல்லோருக்கும் நன்றி. கோர்ட்டு வாசல் சார் எழுதியதை சித்திக்குப் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு விலக்கு இல்லை என்றதும் அவரே ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து போனை இறக்கிவிட்டார். ஆன் செய்ததும் யூனிட் சுபேதாரிடமிருந்து பதினாலு மிஸ்டு கால். தம்பி வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்று பேசினான், "ஜி சாப், ஜி சாப்" என்பது மட்டும் எங்களுக்குக் கேட்டது. ஆஸ்பத்திரிப் பேப்பரை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லியிருக்கிறார், ஆளையும் உடனே கிளம்பச் சொல்லியிருக்கிறார். நாளைக் காலை ரயில். சித்தி முறுக்கு சுட்டுக்கொண்டிருக்கிறார், சுபேதாருக்குத் தனி டப்பாவாம்.