சின்னப் பாய்ப்படகில் இராத் தங்கினவர்கள் யாரும் இருக்கிறீர்களா? உங்கள் கதையையும் எழுதுங்க

எழுவான்கரையான்:

என்னுடையது வேஃபேரர் என்கிற 16 அடித் திறந்த பாய்ப்படகு. ட்ரெய்லரில் ஏற்றி லேண்ட்மாஸ்டரில் (இரண்டு சில்லு உழவு மிசின்) கொழுவினால் போதும், எந்தத் துறைக்கும் கொண்டு போகலாம். கபின் கிடையாது. பொழுதுபட்டதும் மேலால் தறப்பாளை இழுத்துக் கட்டி, உள்ளே நுளம்பு வலையைத் தொங்கவிட்டால் அதுதான் வீடு. படகு பக்கவாட்டில் சறுக்காமல் அடியில் இறக்குகிற நடுப்பலகையின் பெட்டிக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் என் சாமான். பலகையைத் தூக்கிவிட்டால் 8 அங்குலத் தண்ணீரே காணும், நம்ம மட்டக்களப்பு வாவிக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி.

போன வருஷம் கச்சான் காற்றுக் காலம். குருமண்வெளி - மண்டூர் பாதை (ஆட்களை ஏற்றிக் கடக்கிற மிதவை) ஓடுகிற இடத்துக்குக் கொஞ்சம் தெற்கே நங்கூரம் போட்டேன். இருட்டிவிட்டது, எதன் மேல் போடுகிறேன் என்று பார்க்கவில்லை.

இரவு பதினொரு மணி இருக்கும், படகின் பக்கத்தில் டொக் டொக். தறப்பாளைத் தூக்கினால் ஒரு தோணி, அதில் வயதான ஒருவர், கையில் டோர்ச்.

"மனே, உசிரோடதானே கிடக்காய்?"

"ஓம் ஐயா. சும்மா படுக்க வந்தன்."

டோர்ச்சை என் மெத்தையில் அடித்தார், பிறகு தேத்தண்ணிப் போத்தலில், பிறகு என் முகத்தில்.

"வீட்டுல சண்டையா?"

"இல்ல ஐயா."

"வீடு இருக்கா?"

"இருக்கு."

"வீட்ட வெச்சிக்கிட்டு ஏன் மனே தண்ணில கிடக்காய்?"

எனக்கு வாய் வரவில்லை. அவர் குனிந்து, கால் கட்டின நண்டு நாலை எடுத்து என் வாளிக்குள் போட்டார். கம்பை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

விடியற்காலை நங்கூரத்தை இழுத்தால் அதோடு சேர்ந்து ஒரு பாகம் நண்டு வலை வருகிறது. நான் இழுத்துக் கிழித்ததென்றால் முனை பிய்ந்து கிடக்கும். இது இரண்டு பக்கமும் கத்தியால் நேராக வெட்டினது. என் நங்கூரத்தில் சிக்கிய வலையை அந்த மனுஷன் தானே வெட்டி விட்டுவிட்டு, அதன் பிறகுதான் நான் உயிரோடு இருக்கிறேனா என்று தட்டிப் பார்த்திருக்கிறார். மூன்று தரம் அந்தப் பக்கம் போய் விசாரித்தேன். "நண்டு வலைக்கார ஐயாவா? எந்த ஐயா?" என்றுதான் கேட்கிறார்கள்.

ஸ்காபரோ மட்டுநகரான்:

தம்பி, கபின் இல்லாததை வீடு என்று சொன்னது பெரிய மனசு. என்னிடம் கற்றலினா 22 என்கிற கபின் வைத்த பாய்ப்படகு இருக்கிறது, இங்கே கனடாவில் சிம்கோ ஏரியில் ஓட்டுகிறேன். அடியில் இருக்கிற பாரமான கீலைத் தூக்கினால் 2 அடித் தண்ணீர் காணும், இறக்கினால் 5 அடி வேணும். நாலு பேர் படுக்கலாம் என்று சொல்லித்தான் விற்பார்கள். சண்டை பிடிக்காமல் படுப்பதென்றால் இரண்டு பேர். உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது, காற்சட்டை போடுவதும் படுத்தபடிதான்.

அம்மா களுவாஞ்சிகுடியிலிருந்து வந்திருந்த நேரம் ஒரு இரவு கூட்டிப் போனேன். விடிய எழும்பித் தேத்தண்ணி வைக்க நெருப்புக்குச்சியை எடுத்தேன். அம்மா மூக்கைச் சுளித்தார். "என்னமோ அழுகல் மணம்." ஏரி மணம் அம்மா என்று சொல்லிக்கொண்டே குச்சியைப் பெட்டியில் வைத்தேன். கையில் ஓங்கி ஒரு அடி! குச்சி எங்கேயோ போய் விழுந்தது. அடித்தளப் பலகையைத் தூக்கினேன், அங்கே முகம் வைக்க முடியவில்லை. இரவு முழுக்க கேஸ் கசிந்திருக்கிறது. கேஸ் காற்றைவிடப் பாரம். வீட்டில் கசிந்தால் வாசலால் கொஞ்சமாவது வெளியேறும். படகு வாளி மாதிரி, அடியில் போய்த் தேங்கிக் கிடக்கும்.

அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். குச்சியைப் பெட்டியில் வைத்த அந்தக் கை இப்போதும் நடுங்கும். சிலிண்டர் இப்போது வெளியேதான், கபினுக்குள் எடுப்பதே இல்லை.

நிந்தவூர் காக்கா:

என் கதை சின்னது. படகை ட்ரெய்லரில் பொத்துவிலுக்கு இழுத்துப் போகும்போது திருக்கோவிலுக்குக் கிட்ட சில்லில் புகை வந்தது. பெயாரிங் பொடிப்பொடி. நடுவெயிலில் நாலு மணித்தியாலம் றோட்டோரம். ஒரு பொடியன் சைக்கிளை நிறுத்தி, "காக்கா, இது றோட்டுல ஓடுற கப்பலா?" என்று கேட்டான். அந்தக் கேள்வி இன்னும் காதுக்குள்ளேயே நிற்கிறது.

இப்ப சொல்றதைக் கேளுங்க, ஒருத்தரும் ட்ரெய்லரைப் பற்றி எழுதக் காணவில்லை. ஓடி வந்த சூட்டோடு சில்லைத் தண்ணீருக்குள் இறக்கக் கூடாது. உள்ளே சூடாக இருக்கிற காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும், அந்த இழுவையில் உப்புத் தண்ணீர் ரப்பர் தடுப்பைத் தாண்டி உள்ளே போகும். பிறகு கிறீஸ் எங்கே, பெயாரிங் எங்கே! வந்து சேர்ந்ததும் சில்லு நடுவில் கையை வையுங்க. கை பொறுக்காவிட்டால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து இறக்குங்க. கரையேற்றினதும் நல்ல தண்ணீரால் கழுவுங்க. படகு மிசினைப் பின்னுக்கு மாட்டின மாதிரியே றோட்டில் ஓடாதீங்க, தண்ணீர்க் கேன்களையும் பின்னால் அடுக்காதீங்க. பின்பாரம் கூடினால் ட்ரெய்லர் வால் ஆட்டும், ஆட்டத் தொடங்கினால் முன்னால் போகிற வாகனத்தையும் சேர்த்து ஆட்டும். ஸ்பெயார் பெயாரிங் ஒரு சோடி, கிறீஸ், பலகைத் துண்டு, சில்லைத் தூக்க ஜக், இவ்வளவும் இல்லாமல் வீட்டை விட்டு வெளிக்கிடாதீங்க.

எழுவான்கரையான் தம்பி, உங்களுக்கும் ஒன்று. இரவில் நங்கூரம் போட்டால் லைட் ஒன்று கொளுத்த வேணாமா? அந்த ஐயா உங்களில் மோதாமல் போனதே பெரிசு.

எழுவான்கரையான்:

லைட் இருந்தது காக்கா. பட்டரி இறங்கிவிட்டது.

நிந்தவூர் காக்கா:

அப்ப இல்லை என்றுதான் அர்த்தம்.

கல்லடி வாத்தி:

ஸ்காபரோக்காரருக்கு ஒரு வார்த்தை. கபின் இல்லாவிட்டால் வீடில்லை என்று சொல்ல வேண்டாம். இதே வேஃபேரரில்தான் ஃபிராங்க் டை என்ற ஆங்கிலேயர் 1963இல் ஸ்காட்லாந்திலிருந்து ஐஸ்லாந்துக்குப் போனார். அடுத்த வருஷம் நோர்வேக்குப் போகிற வழியில் புயல் பிடித்து, படகு பல தரம் கவிழ்ந்து, பாய்மரமும் முறிந்தும் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் தறப்பாள்தான். அதை வசதி என்று சொல்லலாமா என்பது வேறு கதை. என்னைக் கேட்டால் வசதி என்பது காய்ந்த தலையணை, அவ்வளவுதான்.

என்னுடைய விஷயம் பாய்மரம். தண்ணீரில் இல்லை, எங்கள் ஒழுங்கையில். துறையில் இடமில்லை என்று வாசலிலேயே மரத்தை நிமிர்த்தப் பார்த்தேன். அலுமினியம், 20 அடிக்கு மேல். அரைவாசி நிமிர்ந்திருக்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளை மதிலில் இருந்து, "மாமா, வயர்! வயர்!" என்று கத்தினான். அண்ணாந்து பார்க்கிறேன், மரத்து நுனிக்கும் மின்கம்பிக்கும் இடையில் ஒரு சாண். நிமிர்த்தவும் ஏலாது, விடவும் ஏலாது. தோள் இரண்டும் நடுங்க, அங்குலம் அங்குலமாக இறக்கினேன். அந்தப் பிள்ளைக்குப் பத்து வயது. இப்போது நான் மரம் தூக்குவதென்றால் அவனைக் கூட்டிப் போய் மேலே பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் தூக்குகிறேன்.

கல்லடிப் பாலத்தடியில் முழுநிலா அன்று படுத்தேன், வாவியில் மீன் பாடும் என்பார்களே, அது கேட்குமென்று. துடுப்பைத் தண்ணீரில் விட்டு மற்ற முனையில் காதையும் வைத்துப் பார்த்தேன். பாலத்தில் போகிற மோட்டார் சைக்கிள்தான் பாடியது.

படுவான்கரைப் பிள்ளை:

இவ்வளவு நேரம் எல்லா அண்ணாமாரும் எழுதுறீங்க, கக்கூசைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆம்பிளைகளுக்கு அது ஒரு பிரச்சினையே இல்லைதானே.

நானும் அவரும் பனிச்சங்கேணிப் பக்கம் ஒரு இரவு நின்றோம். மூடியுள்ள வாளி ஒன்று, அதற்கு முன்னால் ஒரு சேலைத் திரை. அது பரவாயில்லை. விடியப்புறம் வாளியைக் கழுவப் பின்பக்கம் குனிந்தால், ஒரு முழத் தூரத்தில் மரக்கட்டை மிதக்கிறது. கட்டை கண்ணை மூடித் திறந்தது. அதற்குப் பிறகு அவர் எத்தனை தரம் கூப்பிட்டும் நான் படகில் ஏறவில்லை. வாளி அங்கேயே போய்விட்டது, நல்ல வாளி.

எழுவான்கரையான் அண்ணா, அந்த ஐயா உங்களைப் புத்தி சரியில்லாத ஆள் என்று நினைத்திருப்பார். எங்கட பக்கம் அப்படிப்பட்டவங்களுக்குத் தின்ன எதையாவது கொடுக்காமல் போக மாட்டாங்க. எங்கட மாமாவும் அந்தத் துறையில்தான் நண்டுக்கு வலை போடுறவர். வலைத்துண்டை வைத்திருக்கிறீங்களா? மிதவை என்ன மாதிரி?

எழுவான்கரையான்:

வைத்திருக்கிறேன் தங்கச்சி. கொட்டிலில் ஆணியில் தொங்குகிறது. மிதவை செருப்பு வெட்டின துண்டு, நீலம். ஒன்றில் 7 என்ற நம்பர் இன்னும் அழியாமல் இருக்கிறது.