முட்டை இல்லாமல் நின்ற கேக்: குறிப்பை நம் வீட்டுக்கு மாற்றிக்கொண்ட அனுபவங்கள்

என் மகளுக்கு ஒன்றரை வயது இருக்கும்போது முட்டை ஒத்துக்கொள்ளாது என்று தெரியவந்தது. ஒரு வாய் கேக் தின்றதற்கே உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கி, மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அன்றோடு வீட்டில் முட்டை நின்றது.

எனக்கோ அப்போது கைவந்த கேக் ஒன்றே ஒன்றுதான், சம எடைக் கேக். மூன்று முட்டையை உடைத்து எடை போட்டால் ஏறக்குறைய 150 கிராம் வரும். அதே எடைக்கு மைதா, வெண்ணெய், சர்க்கரை. பிசகவே பிசகாது. அதில் முட்டையை மட்டும் எடுத்துவிட்டுச் செய்தேன். எண்ணெய் வடிகிற, தொட்டால் உதிர்கிற ஒரு தட்டு வந்தது. அடுத்த தடவை வாழைப்பழத்தை மசித்துச் சேர்த்தேன். வேகவே இல்லை, நடுவில் களிமாதிரி. மூன்றாவது தடவை தயிர். அது கொஞ்சம் பரவாயில்லை என்றாலும் கேக் என்று சொல்ல மனம் வரவில்லை.

அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன். அந்தக் கேக்கில் முட்டை என்னென்ன வேலை செய்கிறது? மாவைப் பிணைக்கிறது, காற்றைப் பிடித்து உப்ப வைக்கிறது, ஈரம் கொடுக்கிறது, வெந்ததும் கெட்டியாகி உருவத்தைத் தாங்குகிறது. நான்கு வேலையையும் ஒரு கரண்டித் தயிரின் தலையில் கட்டினால் அது என்ன செய்யும்? ஒன்றிரண்டு முட்டை போடும் மஃபினிலோ பிஸ்கட்டிலோ மாற்றுப் பொருள் எடுபடும். ஒரு முட்டைக்குப் பதில் கால் கப் தயிர் போடலாம். அல்லது ஒரு டேபிள்ஸ்பூன் ஆளிவிதைப் பொடியை மூன்று டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, வழவழப்பாகும்வரை ஊறவைத்துச் சேர்க்கலாம். மூன்று நான்கு முட்டையை நம்பி நிற்கிற கேக்கில் அந்த வித்தை பலிக்காது. அதற்குப் பிறந்ததிலிருந்தே முட்டை இல்லாத குறிப்பைத் தேடிப் போவதுதான் நல்லது.

அப்படித் தேடிப் பிடித்ததுதான் இது. முட்டை, பால், வெண்ணெய் மூன்றும் இல்லை. ஒன்றரை கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, மூன்று டேபிள்ஸ்பூன் கோகோ பவுடர், ஒரு டீஸ்பூன் பேக்கிங் சோடா, அரை டீஸ்பூன் உப்பு எல்லாவற்றையும் சலித்துக் கலந்துகொள்ளுங்கள். இன்னொரு பாத்திரத்தில் ஒரு கப் தண்ணீர், ஐந்து டேபிள்ஸ்பூன் வாசனையில்லாத எண்ணெய், ஒரு டேபிள்ஸ்பூன் வினிகர், ஒரு டீஸ்பூன் வெனிலா. இரண்டையும் சேர்த்து, வெள்ளை மாவு கண்ணில் படாத அளவுக்கு மட்டும் கலக்குங்கள். 20 சென்டிமீட்டர் சதுர டின்னில் ஊற்றி, ஏற்கெனவே சூடாகி இருக்கும் ஓவனில் 180 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம்.

மகளின் இரண்டாவது பிறந்த நாளுக்கு இதைத்தான் செய்தேன். கன்னமெல்லாம் அப்பிக்கொண்டு அவள் தின்றதை நான் சாப்பிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பேக்கிங் பவுடர் பிறந்த கதையைப் பிற்பாடு படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் ஆல்ஃபிரட் பேர்ட் என்று ஒரு மருந்து வணிகர். அவர் மனைவிக்கு முட்டையும் ஆகாது, ஈஸ்ட்டும் ஆகாது. அந்த அம்மாவுக்காக 1837-இல் முட்டையில்லாத கஸ்டர்ட் பவுடரையும், 1843-இல் ஈஸ்ட் இல்லாமல் ரொட்டியை உப்ப வைக்கும் பவுடரையும் செய்தார். வீட்டில் ஒருத்தருக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக ஒரு மனிதர் மெனக்கெட்டது இன்று எல்லார் சமையலறையிலும் இருக்கிறது.

உங்கள் வீட்டில் இப்படி மாற்றிக்கொண்டது என்ன? சரியாக வராததையும் சேர்த்தே எழுதுங்கள்.

*

அக்கா, உங்கள் கேக்கைப் போன வாரம் செய்தேன். என் தங்கையும் அதே நாளில் அவள் வீட்டில் செய்தாள். எனக்குப் பஞ்சுபோல வந்தது, அவளுக்கு வறண்டு மேலே பிளந்துவிட்டது. போனிலேயே ஒவ்வொரு பொருளாகக் கேட்டுக்கொண்டே வந்ததில் பிடிபட்டது. அவள் கப்பை மாவு டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளியிருக்கிறாள். நான் கரண்டியால் கப்பில் தூவி நிரப்பி, மேலே கத்தியால் வழித்தேன். தூவி நிரப்பிய ஒரு கப் மைதா 120, 125 கிராம். அழுத்தி அள்ளினால் 150 வரைக்கும் போகும். ஒன்றரை கப்புக்கு அவள் ஏறக்குறைய 40 கிராம் மாவு கூடுதலாகப் போட்டிருக்கிறாள். வறளாமல் என்ன செய்யும்?

குழம்புக்குக் கண்ணளவும் கையளவும் போதும். கொதிக்கும்போது ருசி பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம். கேக்கில் அந்த வசதி கிடையாது, ஓவன் கதவை மூடினால் மூடியதுதான். அதனால் நான் எல்லாக் குறிப்பையும் ஒரு தடவை தராசில் எடை போட்டு, கிராமில் எழுதி வைத்துக்கொண்டேன். தங்கையிடமும் இப்போது ஒரு தராசு இருக்கிறது.

*

டின் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. வட்ட டின் 20 சென்டிமீட்டரிலிருந்து 23-க்குப் போனால் மூன்று சென்டிமீட்டர்தானே என்று தோன்றும். பரப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது. அதே மாவை ஊற்றினால் கேக் மெலிந்து சீக்கிரமே காய்ந்துபோகும். 20 சதுர டின்னும் 23 வட்ட டின்னும் கிட்டத்தட்ட ஒரே பரப்பு, அதனால் இந்தக் கேக்கைக் கவலையில்லாமல் வட்டத்தில் ஊற்றலாம். நான் இதைத் தெரிந்துகொள்வதற்குள் நான்கு கேக் வீணாயிற்று.

*

நான் கேக் பக்கம் போனதில்லை. மனைவிக்கு இரவு வேலை, அதனால் வாரத்தில் நான்கு நாள் இரவுச் சாப்பாடு என் பொறுப்பு. வீட்டில் நான்கு பேர், நான்கு விதம். பையன் காய் என்றாலே தட்டை நகர்த்துவான். அம்மாவுக்கு ரத்த அழுத்தம், உப்பு குறைவாக வேண்டும். மகளுக்குக் கோதுமை சேராது, எனவே மைதாவும் சேராது. முதல் ஆறு மாதம் ஆளுக்கொரு சமையல் செய்து எனக்கு முதுகு விட்டுப்போனது.

என்னைக் காப்பாற்றியது ஒயிட் சாஸ். ஒரு கப் பாலுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் வெண்ணெய், இரண்டு டேபிள்ஸ்பூன் மாவு. வெண்ணெய் உருகியதும் மாவைப் போட்டு, சிறுதீயில் பச்சை வாசனை போகும்வரை ஒன்றிரண்டு நிமிடம் வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாலை மொத்தமாகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். வெண்ணெயும் மாவும் ஒவ்வொரு ஸ்பூனாகக் குறைத்தால் அது சூப்புக்கான பதம், மூன்றாகக் கூட்டினால் கட்லெட்டைப் பிடித்து நிறுத்தும் பதம். இந்த ஒன்றைக் கற்றுக்கொண்டால் பாஸ்தா, சூப், அவித்த காய்மேல் ஊற்றி ஓவனில் வைப்பது என்று ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம்.

மகளுக்காக மைதாவை விட்டுவிட்டுச் சோளமாவுக்கு, அதாவது வெள்ளைக் கார்ன்ஃப்ளாருக்கு, மாறினேன். அது மைதாவைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கெட்டிப்படுத்தும், அதனால் பாதி அளவு போதும். வெண்ணெயில் வறுக்கக் கூடாது, ஆறிய பாலில் கரைத்துக் கொதிக்கும் பாலில் ஊற்ற வேண்டும். கொதி வந்து ஒரு நிமிடம் போனால்தான் கெட்டிப்படும். இப்போது நால்வருக்கும் அதுவேதான், அவளுக்கென்று தனிப் பாத்திரம் கிடையாது. அவள் முகத்தில் அது என்ன மாற்றத்தைக் கொண்டுவந்தது என்று எனக்குத்தான் தெரியும். தன் தட்டு மட்டும் வேறாக இருப்பது ஒரு குழந்தைக்கு எத்தனை வலிக்கும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

உப்புக்கு வழி சுலபம். உப்பு போடுவதற்கு முன்னால் அம்மாவின் பங்கைத் தனியாக எடுத்துவிடுவேன். அதில் எலுமிச்சைச் சாறு நான்கு சொட்டு, மிளகு, சுட்டு மசித்த பூண்டு. புளிப்பும் காரமும் இருந்தால் உப்பின் குறை அவ்வளவாகத் தெரிவதில்லை என்று அம்மாவே சொன்னார்.

பையன் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். கேரட்டையும் பூசணியையும் அரைத்துச் சாஸில் ஒளித்து வைத்துக் கொடுத்தேன். ஒரு நாள் கண்டுபிடித்துவிட்டான். அதற்குப் பிறகு இரண்டு வாரம் நான் வைத்த எதையுமே நம்பித் தொடவில்லை. அதிலிருந்து மறைப்பதை விட்டுவிட்டேன். அவனையே அருகில் நிறுத்தி, எந்தக் காய் வேண்டும் என்று கேட்டு அவன் கையாலேயே போடச் சொல்கிறேன். இப்போது மூன்று காய் சாப்பிடுகிறான். அது போதும்.

*

தம்பி, நீங்கள் எழுதியதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் அம்மா கொடுத்து வைத்தவர்.

என் பங்குக்கு ரொட்டி. எனக்கு வயது அறுபத்து இரண்டு, ஐம்பத்தெட்டில்தான் மாவு பிசையவே ஆரம்பித்தேன். முதல் மூன்று தடவையும் கல்லாக வந்தது. ஈஸ்ட்டைச் சுடச்சுடத் தண்ணீரில் போட்டிருக்கிறேன்! அது உயிருள்ள பொருள், 60 டிகிரியில் செத்துவிடும். மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், இதமான சூடாக இருந்தால் சரி.

என் அளவு இதுதான்: மைதா 500 கிராம், தண்ணீர் 325, உப்பு 10, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 7. பத்து நிமிடம் நன்றாகப் பிசைந்து, மூடி வைத்து, இரண்டு மடங்கு ஆனதும் உருட்டி டின்னில் வைத்து, மறுபடி உப்பவிட்டு 220 டிகிரியில் அரை மணி நேரம். வெந்ததும் அடியைத் தட்டினால் உள்ளே வெற்றிடம் இருப்பதுபோல் சத்தம் கேட்கும். எத்தனை மணி நேரம் உப்ப வேண்டும் என்று கேட்காதீர்கள். வெயில் நாளில் ஒரு மணி நேரம், குளிரில் இரண்டுக்கும் மேல். கடிகாரத்தை விட்டுவிட்டு மாவைப் பாருங்கள். விரலால் அழுத்தினால் குழி மெதுவாக, முழுக்க மூடாமல் எழும்பி வர வேண்டும். சட்டென்று எழும்பினால் இன்னும் பொறுக்க வேண்டும்.

கணவருக்குச் சர்க்கரை நோய் வந்தபிறகு மைதாவைக் குறைக்க நினைத்து, முழுக்கக் கோதுமை மாவில் அதே அளவில் பிசைந்தேன். இறுகிப்போய் உப்பவே இல்லை. தவிடு தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. பிறகு 150 கிராம் மட்டும் கோதுமை மாவு, தண்ணீர் கூடுதலாக 20 கிராம் என்று ஆரம்பித்தேன். வாரம் 50 கிராமாகக் கூட்டி இப்போது பாதிக்குப் பாதியில் நிற்கிறேன். அதற்கு மேல் போனால் அவருக்கு ருசிக்கவில்லை. ருசிக்காததை நல்லது என்று சொல்லித் திணித்தால் இரண்டு நாளில் அவர் கடை ரொட்டிக்குத் திரும்பிவிடுவார்.

*

ஓர் எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். சர்க்கரை வேண்டாம் என்று நினைத்து, பத்து மாதக் குழந்தை இருந்த வீட்டுக்குத் தேன் ஊற்றிய மஃபின் செய்து கொண்டுபோனேன். நல்லவேளையாக அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது. பொட்டுலிசம் என்ற கடுமையான நோயை உண்டாக்கும் கிருமியின் விதைகள் தேனில் இருக்கலாம், மஃபின் வேகும் சூட்டில் அவை சாவதில்லை. மைதாவுக்குப் பதில் பாதாம் மாவு போடும்போதும் இதே கவனம் வேண்டும். நமக்கு ஆரோக்கியமாகத் தெரிகிற பொருள் வாங்கிச் சாப்பிடுகிறவருக்கு ஆகாததாக இருக்கலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

*

அக்கா, என்னிடம் ஓவன் இல்லை. மகனின் நண்பனுக்கு முட்டை ஆகாது, சனிக்கிழமை வருகிறான். உங்கள் கேக்கை அடுப்பில் செய்ய முடியுமா? மாவை முந்தின இரவே கலந்து வைத்துக்கொள்ளலாமா?

*

அடுப்பில் தாராளமாக வரும். அடி கனமான பெரிய பாத்திரத்துக்குள் ஒரு ஸ்டாண்டை வையுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூடி போட்டு மிதமான தீயில் பத்து நிமிடம் சூடேற்றி, அதற்குப் பிறகு டின்னை உள்ளே இறக்குங்கள். தீயைச் சிறிதாக்கி 40 நிமிடம் கழித்துக் குச்சியால் குத்திப் பாருங்கள். அதற்கு முன்னால் மூடியைத் திறக்காதீர்கள், பாதியில் சூடு தப்பினால் நடு இறங்கிவிடும். மேலே நிறம் அவ்வளவாக வராது, கோகோ கேக் என்பதால் தெரியாது.

மாவை இரவே கலக்காதீர்கள். வினிகரும் சோடாவும் சேர்ந்த அந்த நொடியே நுரைக்க ஆரம்பிக்கிறது. காலைக்குள் காற்றெல்லாம் போய்விடும். உலர்ந்த பொருட்களை மட்டும் இன்றே கலந்து டப்பாவில் போட்டு வையுங்கள். சனிக்கிழமை பாத்திரம் சூடான பிறகு தண்ணீர் கலவையைச் சேர்த்து உடனே உள்ளே வைத்துவிடுங்கள். கிண்ணம், கரண்டி, டின் எல்லாவற்றையும் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொள்ளுங்கள், போன தடவை முட்டை கலக்கிய பாத்திரமாக இருக்கலாம். கோகோ டப்பாவின் பின்பக்கத்தையும் வாசித்துவிடுங்கள். அந்தப் பையனின் அம்மாவுக்கு இன்றே ஒரு போன் போட்டு, என்னென்ன போடுகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். அன்றைக்கு அவர் நிம்மதியாக இருப்பார்.

என் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. நோட்டில் என் கையெழுத்துக்குக் கீழே "ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டால் நன்றாக இருக்கிறது" என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறாள். தண்ணீருக்குப் பதில் பாதி ஆரஞ்சுச் சாறு ஊற்றலாமா என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பார்க்கப்போகிறோம்.